ஏரியின் ஆழம் சரி, உயரம் என்ன?

கேள்வி: நானும் என் கணவரும் ஸ்கூபா கற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அடிப்படைச் சான்றிதழ்தான். இதுவரை ஆளுக்கு முப்பது டைவ், எல்லாமே வெதுவெதுப்பான கடலில். என் தம்பி போன மாதம்தான் பயிற்சி முடித்தான், ஐந்தே டைவ். மூவரும் ஜூலையில் ஒரு மலை ஏரிக்குப் போகிறோம். கடல்மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் உயரம். மேல்பரப்பில் தண்ணீர் 20 டிகிரி இருக்குமாம். 26 மீட்டர் ஆழத்தில் பழைய மரப்படகு ஒன்று முழுசாகக் கிடக்கிறதாம். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே. சனிக்கிழமை விடியற்காலையில் காரில் கிளம்பி, மதியம் ஏரியை அடைந்ததும் ஒரு டைவ். ஞாயிறு காலை இரண்டு டைவ். மாலையே 2,600 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றைத் தாண்டி வீடு. அடுத்த வாரம் தாழ்வான பகுதியில் இன்னோர் ஏரிக்கும் போக யோசனை. நன்னீருக்கு வெயிட் எத்தனை கிலோ குறைக்க வேண்டும், எங்களிடம் இருக்கும் 5 மில்லிமீட்டர் வெட்சூட் போதுமா, இந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள். அலை இல்லை, நீரோட்டம் இல்லை, உப்பு இல்லை. “கடலிலேயே முங்கியாச்சு, ஏரி எம்மாத்திரம்” என்கிறான் தம்பி.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். வெயிட்டைக் குறைக்கத்தான் வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. உங்கள் உடல் எடை, டேங்க், சூட், பெல்ட் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்றால், கடலில் கட்டியதிலிருந்து இரண்டேகால் கிலோ கழித்துவிடலாம். இது அதே சூட்டோடு இறங்கினால்தான். வெட்சூட்டோ போதாது. தடித்த சூட் போட்டால் அதன் மிதப்பை அடக்கக் கழித்ததைவிட அதிகமாகவே திரும்பக் கட்ட வேண்டி வரும். ஆகவே காகிதக் கணக்கை நம்பாமல், கரையோரம் இடுப்புக்கு மேல் தண்ணீரில் சோதித்துப் பாருங்கள். டேங்க்கில் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று மட்டும் இருக்கும்போது, பி.சி.டி.யை, அதாவது காற்று ஏற்றி மிதப்பைச் சரிசெய்யும் உடுப்பைக் காலி செய்துவிட்டு, இயல்பாக மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த டேங்க்கோடு சோதித்தால், டைவின் முடிவில் காற்று தீரத் தீர லேசாகப்போகும் டேங்க்குக்கு ஈடாக இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். வெயிட் விஷயம் இவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்காதது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். நீங்கள் ஆழத்தை நன்றாகவே விசாரித்திருக்கிறீர்கள். உயரத்தைத்தான் விசாரிக்காமல் காலை விடப் பார்க்கிறீர்கள். கடிதத்தில் 1,900, 2,600 என்று இரண்டு எண்களைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த இரண்டும்தான் கண்ணில் பட்டன.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணைகள் பெரும்பாலும் கடல்மட்டத்தை வைத்துப் போடப்பட்டவை. 300 மீட்டருக்கு மேல் இருக்கும் எந்த நீர்நிலையையும் உயரமான இடத்து டைவாகத்தான் கணக்கிட வேண்டும் என்கிறது பி.ஏ.டி.ஐ. என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பு. உங்கள் ஏரி அந்த வரம்பைவிட ஆறு மடங்கு உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 79 சதவீதம்தான். கடலில் அழுத்தம் இரட்டிப்பாக 10 மீட்டர் இறங்க வேண்டும். அந்த ஏரியில் 8 மீட்டர் சொச்சம் இறங்கினாலே இரட்டிப்பாகிவிடும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகுமா ஆகாதா என்பதில் இந்த விகிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆழம் எத்தனை மீட்டர் என்பது பாதிக் கதை. மேலே வந்து தலையை நீட்டும் இடத்தில் காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது மீதிக் கதை.

இதற்கு எளிய கணக்கு உண்டு. ஏரியின் ஆழத்தை அங்குள்ள காற்றழுத்தத்தால் வகுத்து, நன்னீருக்காக இரண்டரை சதவீதம் குறைத்தால், கடல்மட்டத்தில் அதற்கு ஈடான ஆழம் வரும். உங்கள் மரப்படகு கிடக்கும் 26 மீட்டரை 0.79ஆல் வகுத்துக் குறைத்தால் 32 மீட்டர். அடிப்படைச் சான்றிதழின் வரம்பு 18 மீட்டர். அடுத்த நிலை சான்றிதழுக்கே வரம்பு 30. ஐந்து டைவ் போட்ட தம்பியை முதல் குளிர்நீர் டைவிலேயே கடலில் 32 மீட்டருக்குக் கூட்டிப்போவீர்களா? மாட்டீர்கள். ஆனால் திட்டத்தில் இருப்பது அதேதான்.

படகு இந்தப் பயணத்தில் வேண்டாம். வருத்தமாகத்தான் இருக்கும், அது முழுசாகக் கிடப்பதுதான் உங்களை ஈர்க்கிறது என்று எனக்குத் தெரியும். கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு நன்னீர் ஏரிகளில் கிடையாது. குளிர்ந்த தண்ணீரில் மரம் மட்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். வட அமெரிக்கப் பேரேரிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாய்மரக் கப்பல்கள் இன்னும் கப்பல் வடிவத்திலேயே கிடப்பது இதனால்தான். ஹியூரான் ஏரியின் தண்டர் பே பகுதியை 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா தேசிய நீர்ச் சரணாலயமாக அறிவித்ததும் இந்தக் கப்பல்களுக்காகத்தான். அதே ஏரியின் கனடாக் கரையில், டோபர்மோரி துறைமுகத்தில், 1885இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற பாய்மரக் கப்பல் சுமார் 6 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மேலே படகில் நின்றே அதன் உடலைப் பார்க்கலாம். உங்கள் படகும் அப்படித்தான், எங்கும் போய்விடாது. ஆழ் டைவுக்கும் உயர டைவுக்கும் தனிப் பயிற்சி எடுத்துவிட்டு, அடுத்த கோடையில் போய்ப் பாருங்கள்.

இந்த முறைக்கு நான் போடும் எல்லை 14 மீட்டர். மேற்சொன்ன கணக்கில் அது கடலின் 17 மீட்டர் சொச்சத்துக்குச் சமம். உங்கள் சான்றிதழுக்குள் அடங்கிவிடும்.

இப்போது நேர அட்டவணை. அதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். எத்தனை மணிக்கு முங்கலாம் என்று தொடங்கினால் கணக்கு தப்பிவிடும். எத்தனை மணிக்குக் கணவாயைத் தாண்டப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டைவ் முடித்தபின் விமானம் ஏறக் காத்திருக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை, ஒற்றை டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவுகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம். பயணிகள் விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கணவாய் 2,600. அதாவது டைவ் முடித்த மாலையே, விமானத்தைவிட மெலிந்த காற்றுக்குள் காரை ஓட்டிப்போகத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். கார் தரையில் ஓடுவதால் யாருக்கும் அது பறப்பதாகத் தோன்றுவதில்லை. நான் பார்த்தவரை, மலை ஏரிக்குப் போகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். கவனக்குறைவானவர்கள்தான் செய்வார்கள் என்றும் இல்லை.

ஏரியிலிருந்து கணவாய்க்கு 700 மீட்டர்தானே ஏற்றம், கடல்மட்டத்திலிருந்து விமானம் ஏறுவதுபோல் ஆகாதே என்று நீங்கள் வாதிடலாம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் காத்திருக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் பார்க்க நான் தயாரில்லை. 18 மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம்.

போகும் வழியிலும் இதே கதைதான், தலைகீழாக. கடல்மட்டத்தில் உங்கள் உடம்பு அந்த அழுத்தத்துக்கு ஏற்ற நைட்ரஜனோடு இருக்கிறது. சில மணி நேரத்தில் 1,900 மீட்டர் ஏறியதும் அந்த நைட்ரஜன் கூடுதலாகிவிடுகிறது. இன்னும் தண்ணீரையே தொடவில்லை. உடம்பைப் பொறுத்தவரை ஏற்கெனவே ஒரு டைவ் முடித்து மேலே வந்த நிலை. ஆறு மணி நேரம் காத்திருந்தால் முதல் டைவாகக் கணக்கிடலாம் என்கிறது பி.ஏ.டி.ஐ. அமெரிக்கக் கடற்படைக் கணக்கில் 12 மணி நேரம். சனிக்கிழமை மதியம் போய் இறங்கிய கையோடு முங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஆகவே இப்படி மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஏரிக்குப் போய்ச் சேருங்கள். இரவு அங்கேயே தூக்கம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் டைவ், நல்ல இடைவெளி விட்டு ஒரு மணிக்கு இரண்டாவது. எப்படியும் மூன்று மணிக்குள் கரையேறிவிடுவீர்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு 18 மணி நேரம் முடிகிறது. பத்து மணிக்குக் கிளம்பினால் கணவாயைப் பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் தாண்டலாம். மூன்று டைவ் இரண்டாகிறது. ஒரு நாள் விடுப்பு கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். காத்திருக்கும் நேரத்தை இதைவிடக் குறைக்க முடியுமா என்று திருப்பிக் கேட்காதீர்கள்.

ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்பீர்கள். பார்த்துக்கொள்ளும், அதற்கு விஷயம் தெரிந்திருந்தால். சில மாடல்கள் உயரத்தைத் தாமாகவே உணரும். சிலவற்றில் கையால் மாற்ற வேண்டும். தாமாக உணர்பவற்றிலும் சிலவற்றைத் தண்ணீருக்குள் போகும் முன்பே இயக்கினால்தான் மேல்பரப்பு அழுத்தத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை வீட்டிலேயே படித்துவிடுங்கள். ஏரிக்கரையில் ஈரக்கையோடு பொத்தான்களை அமுக்கிக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உப்புநீர், நன்னீர் அமைப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். அது தவறாக இருந்தால் 20 மீட்டரை 19 சொச்சம் என்று காட்டும். கம்ப்யூட்டர் அளப்பது அழுத்தத்தைத்தான், நைட்ரஜன் கணக்கும் அழுத்தத்தை வைத்துத்தான். உயர அமைப்புதான் உயிர். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்ட வேண்டாம். மேலே வரும் வழியில் சற்று நின்று காத்திருக்கும் சேஃப்டி ஸ்டாப்பை மனதுக்குள் ஒரு பங்கு நீட்டிக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் என்று கற்றதை ஐந்தாக்கினால் காற்றைத் தவிர நஷ்டம் எதுவும் இல்லை.

அடுத்தது குளிர். 5 மில்லிமீட்டர் சூட் ஏன் போதாது என்று சொல்லிவிடுகிறேன்.

மேல்பரப்பு 20 டிகிரி என்று உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஏரியின் தொப்பி மட்டும்தான். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகபட்ச அடர்த்தியோடு இருக்கும். அந்தக் கனத்த குளிர்நீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கோடை வெயில் மேலே ஓர் அடுக்கைச் சூடாக்குகிறது. சூடான நீர் லேசானது, அதனால் கீழே இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தெர்மோக்லைன் என்கிற எல்லை. கடலிலும் அதைச் சந்தித்திருப்பீர்கள். அங்கே ஓரிரண்டு டிகிரி குறைந்திருக்கும், “சில்லென்று இருக்கிறதே” என்று ரசித்திருப்பீர்கள். மலை ஏரியில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் சில மீட்டருக்குள்ளேயே பத்து டிகிரி சரிவது சகஜம். முகம் அந்தக் கோட்டைக் கடக்கும்போது நெற்றியில் சுரீரென்று ஒரு வலி வரும். மூச்சு தானாக வேகமெடுக்கும். கீழே போகப் போக 4, 5 டிகிரியை நோக்கிப் போகும். ஜூலை என்பதெல்லாம் அங்கே எட்டாது.

ஆனால் அழகும் அந்தக் கோட்டில்தான். வெவ்வேறு அடர்த்தி கொண்ட நீர் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து, தார்ச்சாலை மேல் கானல் நெளிவதுபோல் எதிரே இருக்கும் துணையின் முகமே நெளியும். மேல் அடுக்கில் பாசியால் பச்சையாக, மங்கலாக இருந்த தண்ணீர், கோட்டைத் தாண்டியதும் திடீரென்று தெளிந்துவிடுவதும் உண்டு. ஏரி டைவுக்கு என்னை அடிமையாக்கியது அந்த ஒரு நொடிதான். 14 மீட்டர் எல்லைக்குள் உங்களுக்கும் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். கையை மட்டும் நீட்டி அந்தக் குளிருக்குள் விட்டுப் பாருங்கள்.

இதற்கு 7 மில்லிமீட்டர் சூட், தலையுறை, 5 மில்லிமீட்டர் கையுறை, காலுறை இருந்தால் இரண்டு டைவையும் சமாளிக்கலாம். வெட்சூட்டின் நியோப்ரீனுக்குள் இருக்கும் குமிழிகள் ஆழத்தில் நசுங்கி, துணி மெலிந்துவிடும். குளிர் கூடும் இடத்தில் சூட்டின் தடிமன் குறைகிறது. மிதப்பும் கூடவே குறைகிறது. தலையுறையை இதற்குமுன் போட்டதில்லை என்றால் முதல் தடவை கழுத்தை நெரிப்பதுபோல் இருக்கும், படபடப்பு வரும். வீட்டில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பழகுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட் வாடகைக்குக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், பயிற்சி எடுக்காமல் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று காலுக்குப் போய்விட்டால் தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போகும்.

குளிரில் மனிதர்கள் நடுங்குவது போகட்டும், டேங்க் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டர் உறைவதுதான் நான் உண்மையில் பயப்படும் விஷயம். டேங்க்கிலிருந்து 200 பாரில் இருக்கும் காற்று, ரெகுலேட்டரில் டேங்க்கோடு பொருந்தும் பகுதியான முதல் கட்டத்தில் சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிர்ந்துவிடும். சுற்றியுள்ள தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தக் குளிரை ஈடுகட்ட வெப்பம் போதாது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஈரம் பனியாகி, வால்வைத் திறந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கும். உப்புநீர் உறைய சுழிக்குக் கீழே இரண்டு டிகிரி வரை போக வேண்டும். நன்னீர் சுழியிலேயே உறையும். அதனால் இந்த ஆபத்தில் ஏரி கடலைவிட ஒரு படி முந்தி நிற்கிறது.

எனக்கு அது நடந்தது 17 மீட்டரில். ஏரி பழக ஆரம்பித்த முதல் வருடம். குளிர்நீர் உள்ளே புகாமல் தடுக்கும் அடைப்பு இல்லாத என் பழைய ரெகுலேட்டரையே எடுத்துப்போயிருந்தேன். கரையில் காற்று சில்லென்று இருந்தது; வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை நாலைந்து முறை அமுக்கினேன், வாயில் வைத்து ஊதியும் பார்த்தேன். என் மூச்சின் ஈரம் அப்போதே உள்ளே உறையத் தொடங்கியிருக்க வேண்டும். கீழே போய், பி.சி.டி.க்குக் காற்று ஏற்றிக்கொண்டே ஒரு பெரிய மூச்சை இழுத்தேன். அவ்வளவுதான், வாயில் நெருப்பணைக்கும் குழாயை வைத்ததுபோல் ஆகிவிட்டது. குமிழியில் எதுவும் தெரியவில்லை. துணையின் மாற்று ரெகுலேட்டருக்கு மாறி இருவரும் மேலே வந்தபோது என் மானி முள் சுழியில் நின்றது. மொத்தமும் மூன்று நான்கு நிமிடம் இருக்கும். துணை கை எட்டும் தூரத்தில் இருந்ததால் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனவே வாடகைக்கு ரெகுலேட்டர் எடுக்கும்போது, குளிர்நீருக்கென்று அடைப்பு செய்த முதல் கட்டமா என்று கேட்டு வாங்குங்கள். கடலில் பயன்படுத்தும் சொந்த ரெகுலேட்டர் மேல் பாசம் வேண்டாம். கரையில் ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சு விடாதீர்கள். சோதனை தண்ணீருக்குள் தலையை விட்ட பிறகு இருக்கட்டும். பி.சி.டி.க்குக் காற்று ஏற்றுவதும் மூச்சு இழுப்பதும் ஒரே நொடியில் வேண்டாம். ஏற்றுவதும் சின்னச் சின்னதாக. கொட்டத் தொடங்கிவிட்டால் உதட்டை முழுதாக மூடாமல் ஓரத்தில் கசியவிட்டு உறிஞ்சியபடி, துணைக்குச் சைகை காட்டி, அவரது மாற்று ரெகுலேட்டருக்கு மாறி, வழக்கமான வேகத்தில் மேலே வாருங்கள். இந்தப் பயிற்சியை நீச்சல்குளத்தில் ஒருமுறை செய்துவிட்டுப் போங்கள். காற்றுக் கணக்கிலும் தாராளம் வேண்டும். குளிரில் எல்லோரும் கூடுதலாகத்தான் குடிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள்.

மூன்று பேர் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கடலில் மூவராக மிதப்பது வேறு. மங்கலான ஏரியில் ஒருவர் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து யாருமே யாரையும் பார்க்காமல் போவது வேறு. அந்த ஏரியை அறிந்த வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் கணவரும் ஒரு ஜோடி, தம்பி வழிகாட்டியோடு. தம்பி முகம் சுளிப்பார். முப்பது டைவ் போட்டவர்களுக்கு இல்லாத காவல் தனக்கு எதற்கு என்று கேட்டால், அவரையே வழிகாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். வழிகாட்டிக்கு வேறு பயனும் உண்டு. அந்த ஏரியில் முங்க அனுமதி தேவையா, எந்தப் பகுதி குடிநீருக்கென்று தடைசெய்யப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆஸ்திரியாவின் க்ரூனர் ஸே, வசந்தத்தில் பனி உருகிப் பூங்கா பெஞ்சுகளே மூழ்கும் இடம் என்று புகழ்பெற்றது. 2016 முதல் அங்கே டைவிங்கே தடை. பழைய படங்களைப் பார்த்து இன்னமும் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஏரியில் எங்காவது அணையோ மதகோ இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நீர் உறிஞ்சும் வாய்க்கு அருகே மேலே எந்த அறிகுறியும் தெரியாது, பிடித்தால் விடாது.

அலை இல்லை, நீரோட்டம் இல்லை என்றீர்கள். நல்லதுதான். ஆனால் நீரோட்டம் இல்லாத இடத்தில் கிளப்பிய சேறும் அங்கேயே நிற்கும். ஏரியடி மணலாக இருக்காது. மாவுபோல் படிந்த வண்டல். முழங்காலை ஒருமுறை ஊன்றினால் அந்த இடத்தில் அடுத்த கால் மணி நேரத்துக்குப் பார்க்க எதுவும் இருக்காது. துடுப்பை மேலும் கீழும் அடிக்காமல் தவளைபோல் பக்கவாட்டில் உதைக்கப் பழகுங்கள். அடியிலிருந்து ஒரு ஆள் உயரமாவது மேலே இருங்கள். மூழ்கிய மரங்களில் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நரம்பு வெட்டும் கருவி கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். மேலே கோடைக்கால மோட்டார் படகுகள் ஓடும். டைவ் கொடி மிதவை இல்லாமல் இறங்காதீர்கள். தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் பாசிப்படலம் தெரிந்தால் அன்றைக்கு டைவே இல்லை. அது நச்சுப்பாசியாக இருக்கலாம்.

அவசர ஏற்பாட்டில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கிட்டத்தில் உள்ள அழுத்த அறைச் சிகிச்சை மருத்துவமனை எது என்று விசாரிப்பதோடு, அதற்குப் போகும் சாலை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்றும் வரைபடத்தில் பாருங்கள். நைட்ரஜன் குமிழிகளால் வரும் டிகம்ப்ரஷன் நோய் வந்தவரை 2,600 மீட்டர் கணவாய் வழியாக ஏற்றிக்கொண்டு போனால் குமிழிகள் இன்னும் பெருக்கும். சுற்று வழியானாலும் தாழ்வான சாலையைத் தேர்ந்து, காரை ஓட்டுபவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். வழிகாட்டியிடம் ஆக்ஸிஜன் கிட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு வழிகாட்டி. ஏரிக்கரையில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கிறதா என்பதையும் சூட் மாட்டுவதற்கு முன் பாருங்கள்.

நடுங்கிக்கொண்டு கரையேறியதும் வெந்நீர்க் குளியலுக்கு ஓடாதீர்கள். உடம்பு சட்டென்று சூடானால் கரைந்த வாயு குமிழியாக வெளிவர வாய்ப்பு கூடும். ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த கம்பளி, தொப்பி, சூடாக ஏதாவது குடித்து, மெதுவாகச் சூடேறட்டும். மலைக்காற்றில் தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

தம்பிக்கு ஏரிமேல் ஆசை வந்து, குளிர்மேல் ஆசை வராமல் போனால் அவருக்கு உகந்த இடம் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. தண்ணீர் 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. வண்ண வண்ணமாக நூற்றுக்கணக்கான சிக்லிட் மீன் இனங்கள் பாறைகளைச் சுற்றி மொய்க்கும். அதுவும் 450 மீட்டருக்கு மேல் இருப்பதால் உயரக் கணக்கு அங்கேயும் உண்டு. கரையோர நத்தைகள் வழியாக பில்ஹார்சியா என்ற புழு தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும் என்பது தனி. ஊர் திரும்பி ஆறேழு வாரம் கழித்து மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது வழக்கம், மருந்து இருக்கிறது. நேர் எதிர்த்துருவம் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா. எரிமலைப் பாறை வழியே வடிந்துவரும் தண்ணீர், 2 முதல் 4 டிகிரி, நூறு மீட்டர் தூரம் வரை பார்வை எட்டும். டிரை சூட் அனுபவத்துக்குச் சான்று இல்லாமல் டேங்க்கோடு இறங்க விடமாட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் டிரை சூட் பயிற்சியே எடுக்கிறார்கள். உங்களுக்கும் அது நல்ல சாக்கு.

கடைசியாக அந்த இரண்டாவது ஏரி. அடுத்த வாரமே போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே என் கவலை, உங்கள் ஈரச் சாமான்களோடு அங்கே போய்ச் சேரும் உயிரிகளைப் பற்றி. கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி, கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் நிரப்பிக்கொள்ளும் நீரில் ஒளிந்து அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1988இல் பேரேரிப் பகுதியின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். இன்று அதுவும் அதன் உறவுக்காரச் சிப்பியும் அங்குள்ள மூழ்கிய கப்பல்களையே போர்வைபோல் மூடிக்கொண்டிருக்கின்றன. அதன் இளம் புழுக்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு டைவர்களின் ஈரச் சாமான்களிலேயே சவாரி செய்யும். உங்கள் பி.சி.டி. பைக்குள் எப்போதும் அரை டம்ளர் தண்ணீர் மிஞ்சியிருக்கும், அதுவே போதும். கரையிலேயே கவிழ்த்து வடித்து, சேற்றைக் கழுவி, வீட்டில் வெந்நீரில் அலசி, உள்ளும் புறமும் முழுக்கக் காயவிடுங்கள். ஐந்து நாள் காய வேண்டும். சனிக்கிழமை முங்கி ஞாயிறு வீடு சேர்ந்தால் வெள்ளிக்கிழமை வரை கணக்கு சரியாக வருகிறது. தடித்த சூட் அதற்குள் காயவில்லை என்றால் இரண்டாவது ஏரிக்கு அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.